ஒரு லட்சம் வரைக்கும் கூட்டத் தெரியாத லாங்குவேஜ்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் ஜெயித்த கதையைத்தான் எழுதுவார்கள். நான் விழுந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா அதுலதான் கத்துக்க விஷயம் இருக்கு.

இரண்டாவது ரிவ்யூ. மதியம் சாப்பாடு முடிந்து பேனல் முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் இருந்த நேரம். எங்கள் டீமில் இரண்டே பேர், நானும் என் ரூம்மேட்டும். நான் ஸ்லைடு ஓட்டினேன், அவன் லேப் சிஸ்டத்தில் டெமோ காட்டினான். நாங்களே உருவாக்கிய புரோகிராமிங் லாங்குவேஜ். பேர் 'அப்புறம்'. பேர் கேட்டதுமே ஒரு சார் சிரித்துவிட்டார், நல்ல ஆரம்பம்தான். முடிவில்லாத லிஸ்ட் ஒன்றை எழுதி, அதில் முதல் 10 எண்ணை மட்டும் எடுத்துக் காட்டினோம். பேனலில் இருந்த மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிப்பா, சிம்பிளா ஒண்ணு. 1-ல இருந்து 1,00,000 வரைக்கும் கூட்டிக் காட்டுங்க."

அவன் டைப் செய்து எண்டர் தட்டினான். ஸ்கிரீன் முழுக்க வரி வரியாக ஒரே எர்ரர் கொட்டியது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ.

"ஃபர்ஸ்ட் இயர் பசங்க சி-ல நாலு வரியில எழுதுறது. ஒரு லட்சம் வரைக்கும் கூட்டத் தெரியாத லாங்குவேஜ் எதுக்குப்பா?"

கேட்டது அவனைப் பார்த்து. கீபோர்டில் இருந்தது அவன்தானே. ஆனால் அந்த எர்ரர் வரும் என்பது எனக்கு இரண்டு வாரத்துக்கு முன்னாடியே தெரியும். இதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நாங்கள் என்ன செய்ய முயன்றோம் என்பது புரிந்தால்தான் என் தப்பின் அளவு புரியும்.

லேசி எவாலுவேஷன் என்று சிலபஸில் ஒரு வரி வந்திருக்கும், இல்லாமலும் இருக்கலாம். நம்ம மெஸ்ஸையே எடுத்துக்கோங்க. காலை 7 மணிக்கே தோசை எல்லாம் சுட்டு ஹாட்பாக்ஸில் அடுக்கிவிடுவார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் தோசை தயார். சி, ஜாவா, பைத்தான் எல்லாம் இந்த ஜாதி. ஃபங்ஷனுக்குள் நுழையும் முன்பே எல்லா ஆர்க்யுமென்ட்டையும் கணக்குப் போட்டு வைத்துவிடும். இதற்கு ஸ்ட்ரிக்ட் என்று பேர். கேட்டுக்கு எதிரில் தள்ளுவண்டி வைத்திருக்கும் அண்ணன் அப்படி இல்லை. நீங்கள் கேட்டால்தான் கல்லில் மாவு விழும். கேட்கவில்லையா, மாவு மாவாகவே இருக்கும். அதுதான் லேசி.

ஆனால் தோசை உதாரணம் பாதிதான் பொருந்தும். லேசியில் இன்னொரு பாதி உண்டு. பிசிக்ஸ் லேப் ரெக்கார்டை நினைத்துப் பாருங்கள். கணக்கை யாரும் முன்கூட்டியே போடமாட்டோம். ரெக்கார்டு சைன் வாங்கும் நாள் வரும்போது, பேட்ச்சில் ஒருத்தன் உட்கார்ந்து போடுவான். அதற்கப்புறம் யாரும் திரும்பப் போடுவதில்லை, அவன் நோட்டிலிருந்து விடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேவைப்படும்போது மட்டும் போடு, போட்டதை மறுபடி போடாதே. இந்த இரண்டாவது பாதி இல்லையென்றால் லேசி லாங்குவேஜ் தாங்கமுடியாத அளவுக்கு மெதுவாகிவிடும். 1971-ல் வாட்ஸ்வொர்த் என்பவர் தன் ஆராய்ச்சியில் கிராஃப் ரிடக்‌ஷன் என்று எழுதியது இந்தப் பகிர்வைத்தான். 1976-ல் ஃப்ரீட்மன்-வைஸ் ஜோடியும் ஹெண்டர்சன்-மோரிஸ் ஜோடியும் தனித்தனியாக லேசி முறையைப் பற்றி எழுதினார்கள். பிறகு டேவிட் டர்னரின் மிராண்டா, 1990-ல் ஹாஸ்கலின் முதல் அறிக்கை. வரலாறு போதும்.

இந்த ப்ராஜெக்ட் என் ஆசை, அவன் ஆசை இல்லை. ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் செய்யலாம் என்றுதான் அவன் சொன்னான். நம்ம டிபார்ட்மென்ட்டில் வருஷத்துக்கு நாலு டீமாவது செய்கிற ப்ராஜெக்ட், ஆபத்தே இல்லை. அவனுக்கு ஆபத்து இல்லாத ஒன்று தேவைப்பட்டது. கேம்பஸில் கிடைத்த ஆஃபருக்கு ஒரு கண்டிஷன் இருந்தது. கடைசி செமஸ்டர் முடியும்போது மொத்த சிஜிபிஏ ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது. அவன் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருந்தான். எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் மார்க்தான் எல்லாம் என்று உங்களுக்கே தெரியும். "மச்சி, ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் அவனை இழுத்தேன். இந்த வாக்கியத்தை நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

ரன்டைம் முழுவதையும் நாமே எழுத முடியாது. கார்பேஜ் கலெக்டர் எழுதவே ஒரு வருஷம் போகும். அதனால் ஏற்கெனவே இருக்கிற ஜேவிஎம் மேலே உட்காரலாம் என்று முடிவு செய்தோம். கார்பேஜ் கலெக்டர் இலவசம், ஜிட் கம்பைலர் இலவசம், ஜாவா லைப்ரரி மொத்தமும் இலவசம். நாங்கள் முதல் ஆட்களும் இல்லை. இங்கோ வெக்சுங் உருவாக்கிய ஃப்ரெகே என்ற லாங்குவேஜ் ஹாஸ்கல் மாதிரியே இருக்கும், ஜாவா கோடாக மாறி ஓடும். ஈட்டா என்ற இன்னொன்று, ஜிஹெச்சி என்கிற ஹாஸ்கல் கம்பைலரின் முன்பகுதியை எடுத்து ஜேவிஎம்முக்குத் திருப்பிவிட்டது. மைக்ரோசாஃப்ட் பக்கத்திலும் ஹாஸ்கலை டாட் நெட்டில் கொண்டுவரும் யோசனை இருந்தது. அது நிற்கவில்லை, டான் சைம் கடைசியில் ஸ்ட்ரிக்ட்டான எஃப் ஷார்ப் பக்கம் போனார். இதைப் படித்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆட்களே ஏன் விலகினார்கள்?

பதில் என்னவென்றால், வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியாது. ஜேவிஎம் ஜாவாவுக்காகக் கட்டின வீடு. ஃபங்ஷன் கூப்பிட்டால் ஸ்டாக்கில் ஒரு ஃப்ரேம், திரும்பினால் அது போய்விடும், ஸ்டாக் அளவு த்ரெட் ஆரம்பிக்கும்போதே முடிவாகிவிடும். 64 பிட் லினக்ஸில் சாதாரணமாக 1 எம்பி. லேசி லாங்குவேஜுக்கு இந்த வீட்டில் எங்கே எல்லாம் தலை இடிக்கிறது என்று நாங்கள் ஒவ்வொன்றாக இடித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னும் போடாத கணக்கை ஒரு பொருளாகப் பொதிந்து வைப்பதற்கு தங்க் என்று பேர். அல்கால் 60 காலத்திலிருந்து, அதாவது 1960-களின் ஆரம்பத்திலிருந்து வருகிற சொல். "தங்கி நிக்கிறதால தங்க்-ஆ?" என்று அவன் கேட்டான். இல்லைதான், ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. எங்கள் தங்க் ஒரு சின்ன ஜாவா கிளாஸ். அதில் இரண்டே ஃபீல்டு. ஒன்று, கணக்கைப் போடும் கோடு, அதாவது ஒரு லாம்டா. இன்னொன்று, விடை வைக்கிற இடம். யாராவது விடை கேட்டால் ஃபோர்ஸ் என்ற மெத்தடைக் கூப்பிடுவார்கள். விடை ஏற்கெனவே இருந்தால் அப்படியே கொடுக்கும். இல்லையென்றால் லாம்டாவை ஓட்டி, விடையை எழுதி வைத்துவிட்டுக் கொடுக்கும். பத்து வரி கூட இல்லை. இதை எழுதி முடித்த ராத்திரி நாங்கள் பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்தோம்.

அந்தப் பத்து வரிக்குள்ளேயே முதல் பக் இருந்தது. விடை வந்தபிறகும் லாம்டாவை அப்படியே வைத்திருந்தோம். லாம்டா தனக்குத் தேவையான வேரியபிள்களைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் தூக்கிப் போடாதவரை அந்த வேரியபிள்களும், அவை பிடித்திருப்பவையும், எதையும் கார்பேஜ் கலெக்டர் தொடமாட்டார். கணக்கு முடிந்தும் ரஃப் ஷீட்டை எல்லாம் பையிலேயே சுமப்பது மாதிரி. இயல் எண்களை வரிசையாக அச்சிடும் ஒரு புரோகிராம் மெமரியைத் தின்றுகொண்டே போனது. விடை எழுதியதும் லாம்டா ஃபீல்டை நல் ஆக்கு என்று ஒரு வரி சேர்த்தோம், கொஞ்சம் அடங்கியது. முழுசாக அடங்கவில்லை. லிஸ்ட்டின் தலையை ஏதோ ஒரு லோக்கல் வேரியபிள் பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் வால் முழுக்கச் சாகாமல் நிற்கும். குளோஜர் லாங்குவேஜின் கம்பைலர், கடைசியாகப் பயன்படுத்தும் இடத்திலேயே லோக்கல் வேரியபிள்களை நல் ஆக்கிவிடும். நாங்களும் அதைக் காப்பி அடித்தோம். வெட்கமே இல்லை.

தன்னைத்தானே கேட்கிற கணக்கு இன்னொன்று. க = க + 1 என்று யாராவது எழுதினால், க-வின் விடைக்கு க-வின் விடை வேண்டும். ஜிஹெச்சி இதை பிளாக் ஹோல் என்ற வித்தையால் கண்டுபிடிக்கும். ஃபோர்ஸ் ஆரம்பிக்கும்போதே தங்க் மேல் 'வேலை நடக்கிறது' என்று போர்டு மாட்டிவிடும். வேலை முடியுமுன் மறுபடி அதே கதவைத் தட்டினால் சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று அர்த்தம். இது எங்களுக்கு ஒரு மணி நேர வேலை. சொல்லிக்கொள்ளும்படி ஒழுங்காக முடிந்த ஒரே வேலையும் இதுதான்.

இப்போது அந்த ஒரு லட்சத்துக்கு வருகிறேன். அவன் டைப் செய்தது ஏறக்குறைய இதுதான், தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

கூட்டு சேர்த்தது மீதி =
மீதி 0 என்றால் சேர்த்தது
இல்லையென்றால் கூட்டு (சேர்த்தது + மீதி) (மீதி − 1)

கடைசி வரியில் தன்னையே கூப்பிடுகிறது. இதற்கு டெய்ல் கால் என்று பேர். ஜேவிஎம்மில் டெய்ல் காலுக்கென்று தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் கிடையாது. டாட் நெட்டில் அதற்கென்று ஒரு ப்ரிஃபிக்ஸ் உண்டு, இங்கே இல்லை. ஆனால் தன்னைத்தானே கூப்பிடும் வகையை சாதாரண லூப்பாக மாற்றிவிடலாம், ஸ்காலா கம்பைலரும் அதைத்தான் செய்கிறது. நாங்களும் செய்திருந்தோம். அதனால் ஸ்டாக் வளரக்கூடாது. அப்புறம் ஏன் விழுந்தது?

விழவைத்தது அந்த (சேர்த்தது + மீதி). லேசி லாங்குவேஜ் அல்லவா, யாரும் கேட்காமல் கூட்டாது. மீதியின் விடை '0-ஆ?' என்ற கேள்விக்காக ஒவ்வொரு சுற்றிலும் தேவைப்படும், அது கணக்காகிவிடும். சேர்த்ததை யாரும் கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 'முந்தின தங்க்கோடு இதைக் கூட்டு' என்று ஒரு புது தங்க். ஒரு லட்சம் சுற்று முடியும்போது கையில் இருப்பது எண் இல்லை, ஒரு லட்சம் தங்க் கோத்த சங்கிலி. கடைசியில் பிரிண்ட் செய்ய விடை கேட்கிறோம். கடைசி தங்க் அதற்கு முந்தினதைக் கேட்கும், அது அதற்கும் முந்தினதை. ஒவ்வொரு கேள்விக்கும் ஸ்டாக்கில் இரண்டு மூன்று ஃப்ரேம். 1 எம்பி எங்கே தாங்கும்?

ஹாஸ்கல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? ஜிஹெச்சி தன் சொந்த ரன்டைமை வைத்திருக்கிறது. அதன் ஸ்டாக் ஹீப்பிலேயே துண்டு துண்டாக வளரும், சீக்கிரம் தீராது. அதைவிட முக்கியமாக, ஆப்டிமைசேஷன் போட்டால் இந்தச் சங்கிலி உருவாவதையே முன்கூட்டிக் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். சைமன் பெய்டன் ஜோன்ஸ் 1992-ல் லேசி லாங்குவேஜை சாதாரண ஹார்டுவேரில் எப்படி ஓட்டுவது என்று ஸ்பைன்லெஸ் டேக்லெஸ் ஜி-மெஷின் பற்றி ஒரு நீளமான பேப்பர் எழுதினார். நான் அதை மூன்று முறை படித்தேன். ஆனால் நம் வீடு வாடகை வீடு என்பதை மறந்துவிட்டுப் படித்தேன்.

இப்போது என் தப்பு. ரிவ்யூவுக்கு இரண்டு வாரம் முன்பு, ராத்திரி இரண்டு மணிக்கு, இதே புரோகிராமை என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். இதே மாதிரி விழுந்தது. காரணமும் புரிந்தது. சரி செய்ய எப்படியும் பல நாள் ஆகும் என்றும் புரிந்தது. ஜேவிஎம்முக்கு எக்ஸ்எஸ்எஸ் என்று ஒரு ஃப்ளாக் உண்டு, ஸ்டாக் அளவை ஏற்றிக்கொள்ளலாம். என் ரன் ஸ்கிரிப்ட்டில் 512 எம்பி என்று போட்டேன். ஓடிவிட்டது. ஒரு எண்ணும் வந்தது. அவனிடம் "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று படுத்துவிட்டேன். எங்கள் லாங்குவேஜுக்கு அந்தப் பேரை வைத்தவனும் நானே.

அந்த ஸ்கிரிப்ட் என் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ரிவ்யூ நடந்தது லேப் சிஸ்டத்தில்.

ரிவ்யூ முடிந்து வெளியே வந்ததும் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவன் அன்று காலையில்தான் பிரிண்ட் செய்யும் பகுதியில் ஒரு சின்ன மாற்றம் செய்து மெர்ஜ் செய்திருந்தான். எர்ரர் பிரிண்ட் செய்யும்போது வந்ததால் தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டான். இது லேசி லாங்குவேஜின் ஒரு கெட்ட குணம், இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாக் ட்ரேஸ் தங்க்கை உருவாக்கியது யார் என்று காட்டாது, கேட்டது யார் என்றுதான் காட்டும். பத்தாம் வரியில் பூஜ்யத்தால் வகுத்திருப்பீர்கள், எர்ரர் இருநூறாம் வரியில், பாவம் ஒன்றும் அறியாத பிரிண்ட் வரியில் வெடிக்கும். எங்கள் விஷயத்தில் அதுகூட இல்லை. ஜேவிஎம் சாதாரணமாக மேலே இருக்கும் 1024 ஃப்ரேமைத்தான் ட்ரேஸில் காட்டும். 1024 வரியும் ஃபோர்ஸ், ஃபோர்ஸ், ஃபோர்ஸ். அவன் இரண்டு ராத்திரி அந்த 1024 வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் மாற்றத்தை ரிவர்ட் செய்தும் விழுந்தது. இன்னும் பின்னால் போய் ரிவர்ட் செய்தான். நான் எதிர்க் கட்டிலில் போர்வைக்குள் முழித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், ஃப்ளாக் உட்பட. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். டீயைக் குடித்து முடித்தான். "ரெண்டு நாளா நான் பாத்துட்டு இருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான். தெரியும் என்றேன். காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்று முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள் ரூமுக்கு வந்து, "அந்த பேப்பர் பேர் என்ன சொன்ன?" என்றான். அவ்வளவுதான். எங்களுக்குள் சமாதானப் பேச்சு என்று எதுவும் நடக்கவில்லை. கைடைப் பார்த்து ஒரு மாதம் அவகாசம் கேட்டோம், மூன்று வாரம் கொடுத்தார்.

அவன் கேட்டது ஸ்ட்ரிக்ட்னஸ் அனாலிசிஸ். 1980-ல் ஆலன் மைக்ராஃப்ட் எழுதியதிலிருந்து வருகிற யோசனை. கேள்வி எளிது. இந்த ஃபங்ஷன் விடை கொடுக்க வேண்டுமென்றால் இந்த ஆர்க்யுமென்ட் கண்டிப்பாகத் தேவைப்படுமா? கண்டிப்பாகத் தேவைப்படும் என்றால் பிறகு போடுவானேன், தங்க் செய்யாமல் இப்போதே போட்டுவிடலாம். எப்படியும் சாப்பிடப்போகிற தோசை, சுட்டு வைத்தால் தப்பில்லை. சந்தேகம் இருந்தால் மட்டும் லேசி. இதில் ஒரு பக்கம் தவறினால் பரவாயில்லை, மறுபக்கம் தவறக்கூடாது. தேவைப்படுவதை 'தெரியலை' என்று சொன்னால் புரோகிராம் மெதுவாகும், அல்லது பழையபடி சங்கிலி கோக்கும். தேவைப்படாததை 'கண்டிப்பா' என்று சொன்னால், நன்றாக முடிய வேண்டிய புரோகிராம் முடிவில்லாமல் ஓடலாம். லாங்குவேஜின் அர்த்தமே மாறிவிடும்.

பேப்பரில் இருந்த கணிதக் குறியீடுகளில் நான் முங்கிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு பேப்பரில் கேட் வரைந்துகொண்டிருந்தான். "டேய், இது நம்ம டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ்டா. வெறும் ஆண்ட், ஆர்." உண்மைதான். அ + ஆ என்றால் இரண்டு பக்கமும் கணக்காகும், அதனால் ஏதாவது ஒரு பக்கத்தில் தேவைப்பட்டாலே போதும், அது ஆர். 'என்றால், இல்லையென்றால்' வந்தால், கேள்விப் பகுதி எப்படியும் ஓடும், கிளைகளில் ஒன்றுதான் ஓடும். அதனால் கேள்வியில் தேவை, ஆர், இரண்டு கிளையிலும் தேவை. இரண்டு கிளையிலும் என்பது ஆண்ட். முடிந்தது சர்க்யூட்.

தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனில்தான் மாட்டினோம். கூட்டு-வில் சேர்த்தது தேவைப்படுமா? முதல் கிளையில் அதுவே விடை, ஆக தேவை. இரண்டாவது கிளையில் அது கூட்டு-வின் முதல் ஆர்க்யுமென்ட்டுக்குள் போகிறது. அங்கே தேவைப்படுமா என்றால், அதைத்தானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்! வழி என்னவென்றால், முதலில் 'எல்லாமே கண்டிப்பா தேவை' என்று துணிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நம்பிக்கையோடு ஒருமுறை சர்க்யூட்டை ஓட்ட வேண்டும். எது பொய்யாகிறதோ அதை அடித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். எதுவும் மாறாமல் நிற்கும்போது மீதி இருப்பது உண்மை. சேர்த்தது முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. சங்கிலி போச்சு, கம்பைலர் நேரடியாகக் கூட்டும் லூப் ஒன்றை எழுதியது.

இந்த மாட்யூல் முழுக்க அவன் எழுதியது. நூற்றைம்பது வரிக்குள். ஃபேஸ் ரெகக்னிஷன் கேட்ட பையன்.

லேப் சிஸ்டத்தில், ஃப்ளாக் இல்லாமல், அதே ஒரு லட்சம். எண்டர். சட்டென்று விடை வந்தது: 70,50,82,704. நான் அவனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு போனில் கால்குலேட்டரைத் திறந்தான். ஒரு லட்சம், பெருக்கல் ஒரு லட்சத்து ஒன்று, வகுத்தல் இரண்டு. 5,00,00,50,000 வர வேண்டும். நாங்கள் எண்ணுக்கு 32 பிட் இன்ட் வைத்திருந்தோம், அதன் எல்லை 214 கோடி சொச்சம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போய் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ. இரண்டு வாரம் முன்பு ராத்திரி என் லேப்டாப்பில் 'ஓடிவிட்டது' என்று நான் சந்தோஷப்பட்ட எண்ணும் இதே தப்பான எண்தான். சரியா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. லாங்காக மாற்ற அரை நாள் ஆனது.

வைவா நாள். எக்ஸ்டர்னல் வேறு காலேஜிலிருந்து வந்திருந்தார், அமைதியான ஆள். ஒரு லட்சம் ஓடியது. பத்து லட்சமும் ஓடியது. முடிவில்லாத பகா எண் லிஸ்ட்டிலிருந்து ஆயிரமாவது எண் கேட்டார், 7919 வந்தது, தன் போனில் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் அவரே கீபோர்டை இழுத்து கூட்டு-வை வேறு மாதிரி எழுதினார். சேர்த்தது இல்லாமல், 'மீதியோடு, மீதி − 1 வரைக்குமான கூட்டலைக் கூட்டு' என்று. ஒரு லட்சம் கொடுத்தார். விழுந்தது. அதே 1024 வரி.

என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. அவன் மட்டும் அசையவில்லை.

"சார், இது டெய்ல் கால் இல்லை. உள்ளே போன கூட்டல் திரும்பி வந்தாதான் வெளிக் கூட்டல் நடக்கும். அதனால ஒரு லட்சம் ஃப்ரேம் காத்துட்டு நிக்கும். இது லேசியால வர்றதில்ல, நேரடியா ஜாவாவுல எழுதினாலும் 1 எம்பி ஸ்டாக்ல விழும். ஸ்டாக்கை நாமளே ஹீப்ல வெச்சுக்கிட்டா தீரும். அதுக்கு எல்லா ஃபங்ஷனையும் ட்ராம்போலின் முறையில மாத்தணும், ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஆப்ஜெக்ட் ஆகும், வேகம் போயிரும். நாங்க செய்யலை."

"ரிப்போர்ட்ல போட்டிருக்கீங்களா?"

அவன் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். லிமிடேஷன்ஸ் என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம். இந்தப் புரோகிராம்தான் முதல் உதாரணம். எழுதியது அவன். ரிப்போர்ட் கட்டுவதற்கு முந்தின ராத்திரி, "தெரிஞ்ச ஓட்டை எல்லாத்தையும் சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்று என்னை உட்கார வைத்துக் கேட்டு எழுதினான். ஒன்பது சொன்னேன். "அவ்ளோதானா?" என்று இரண்டு முறை கேட்டான்.

எக்ஸ்டர்னல் அந்த ஒன்றரைப் பக்கத்தை முழுசாகப் படித்தார். மற்ற பக்கம் எதையும் படிக்கவில்லை. சைன் போட்டார். மார்க் வந்தது, அவன் சிஜிபிஏ கோட்டுக்கு மேலேயே நின்றது, ஜூலையில் சேர்ந்துவிட்டான். டெஸ்டிங் டீமில் போட்டிருக்கிறார்கள். அங்கே பிழைத்துக்கொள்வான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜூனியர்ஸ் யாராவது இதை மேலே கொண்டுபோக நினைத்தால் கோடு டிபார்ட்மென்ட் சர்வரில் இருக்கிறது, கைடிடம் கேட்டால் கொடுப்பார். பார்சரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதில் ஒரு மாதம் வீணாகும், எங்களுக்கு ஆனது. இரண்டு ஃபீல்டு உள்ள தங்க் கிளாஸை எழுதுங்கள், விடை வந்ததும் லாம்டாவை நல் ஆக்க மறக்காதீர்கள். இரண்டு ஃபங்ஷன் ஒன்றையொன்று மாறி மாறி டெய்ல் காலில் கூப்பிடும் விஷயம் இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கிறது, ஒன்பதில் அது நாலாவது. இரண்டு த்ரெட் ஒரே தங்க்கை ஒரே நேரத்தில் ஃபோர்ஸ் செய்தால் என்ன ஆகும் என்பது ஆறாவது, அதைத் தொடும் முன் ஜாவாவில் வாலட்டைல் என்றால் என்ன என்று நன்றாகப் படித்துவிடுங்கள். எதையும் செய்யும் முன் ஒருமுறை ஒரு லட்சம் வரைக்கும் கூட்டிப் பாருங்கள். லேப் சிஸ்டத்தில், ஃப்ளாக் எதுவும் போடாமல்.